சங்கராபரணியில் தண்ணீர் ஓடும்போது...

பாண்டிச்சேரிக்குக் கேமராவோடு வருகிறவர்கள் நேராகப் போகும் இடம் கடற்கரைதான். காந்தி சிலை, பழைய கலங்கரை விளக்கம், மஞ்சள் சுவர் வீடுகள், அந்தச் சுவரின் மேல் சாய்ந்து கிடக்கும் காகிதப்பூ. சனி ஞாயிறுகளில் அந்தச் சுவர்களுக்கு ஓய்வே கிடையாது. ஒரு ஜோடி நகர்ந்தால் அடுத்த ஜோடி!

ஊருக்கு நடுவே ஓடும் தண்ணீர் ஒன்றும் இருக்கிறது. வெள்ளையர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த பெரிய வாய்க்கால். வரைபடத்தில் பார்த்தால் அழகான நேர்கோடு. நேரில் போனால் படம் எடுக்க மூக்கு அனுமதிக்காது. கழிவுநீரும் மழைநீரும் ஒன்றாகப் போகிற பாதை அது. ஆகவே ஓடுகிற தண்ணீரைப் படம் பிடிக்க ஆசைப்படும் பாண்டிச்சேரிக்காரர் மேற்கே வண்டியை விட வேண்டும். வில்லியனூர், திருக்காஞ்சி, சுத்துக்கேணி, செட்டிப்பட்டு, தெற்கே பாகூர்.

மற்ற ஊர்க்காரர்களுக்கு இது கொஞ்சம் வேடிக்கையாக இருக்கும். நீரோட்டத்தைப் படம் எடுப்பது என்றால் குற்றாலம், ஒகேனக்கல், கொல்லிமலை என்றுதான் எல்லோருக்கும் நினைவு வரும். புதுச்சேரியில் மலை கிடையாது. அருவி கிடையாது. பாறைக்கு நடுவே சலசலவென்று போகும் ஓடையும் கிடையாது. தட்டையான கடலோர நிலம். ஆண்டு மழை சுமார் 1,300 மில்லிமீட்டர், அதில் பாதிக்கு மேல் அக்டோபர், நவம்பர், டிசம்பர் என்ற மூன்று மாதங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மீதி மாதங்களில் ஆறு என்பது மணலும் நாணலும் சீமைக் கருவேலமும் நடுவே ஒரு குட்டையும்தான்.

செஞ்சிக்கு மேற்கே உள்ள மலைகளில் தொடங்கி, வீடூர் அணையைத் தாண்டி, புதுச்சேரிப் பகுதியைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வரும் ஆறு சங்கராபரணி. வராக நதி, செஞ்சி ஆறு என்றும் பெயர் உண்டு. கடலுக்குப் பக்கத்தில் வந்ததும் அரியாங்குப்பம் ஆறு என்றும் சுண்ணாம்பாறு என்றும் இரண்டாகப் பிரிந்துவிடும். சுண்ணாம்பாற்றில் படகு விடுகிறார்கள், சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள், அங்கே ஆண்டு முழுவதும் தண்ணீர் தெரியும். ஆனால் அது கடல் உள்ளே வந்து நிற்கிற தண்ணீர். ஓடுகிற தண்ணீர் வேண்டுமென்றால் மழைக்குக் காத்திருக்க வேண்டும். வீடூர் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 32 அடி. அது நிரம்பி உபரி நீர் திறந்தார்கள் என்று செய்தி வந்தால் போதும், மறுநாள் காலை படுகை அணைகளின் கரையில் இரு சக்கர வண்டிகள் வரிசையாக நிற்கும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். அங்கே போய் நின்றபிறகு என்ன செய்வது?

முதல்முறை போகிறவர்கள் எல்லோரும் ஒரே படத்தைத்தான் எடுக்கிறார்கள். தண்ணீர் பட்டுத்துணி மாதிரி, பால் மாதிரி, பஞ்சு மாதிரி வழுக்கிக்கொண்டு போகிற படம். காலண்டரிலும் கணினித் திரையின் பின்னணியிலும் பார்த்துப் பழகிய படம். ஷட்டரை அரை வினாடியோ ஒரு வினாடியோ திறந்து வைத்தால் அது வந்துவிடும். முன்பு இதற்குப் பெரிய கேமராவும் ட்ரைபாடும் வேண்டியிருந்தது. இப்போது போனே செய்கிறது. ஐபோனில் 2017-இலிருந்து, லைவ் போட்டோவாக எடுத்த படத்தை ஒரு தடவை இழுத்துவிட்டால் தண்ணீர் பட்டாகிவிடும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றிலும் இந்த வசதி உண்டு.

இதன் பின்னால் இருக்கும் கணக்கு மிகச் சின்னது. ஆற்றில் தண்ணீர் வினாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மனிதர் நிதானமாக நடக்கிற வேகம் அது. ஷட்டர் 1/1000 வினாடி திறந்தால் அந்த நேரத்தில் தண்ணீர் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். படத்தில் ஒவ்வொரு துளியும் கண்ணாடிச் சில்லு மாதிரி நிற்கும். 1/15 வினாடி திறந்தால் கிட்டத்தட்ட 7 சென்டிமீட்டர் நகரும். ஒரு கோடு விழும். அரை வினாடி திறந்தால் 50 சென்டிமீட்டர். கோடுகளெல்லாம் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கலந்து, பட்டு கிடைக்கும்.

பிரச்சினை வெளிச்சம். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100, அபெர்ச்சர் எஃப் 16 என்று வைத்தாலும் ஷட்டர் 1/100 வினாடி அளவுக்குத்தான் போகும். அதை அரை வினாடிக்கு இழுக்க 50 மடங்கு வெளிச்சத்தைக் குறைக்க வேண்டும். அதற்குத்தான் கறுப்புக் கண்ணாடி போன்ற என்.டி. ஃபில்டர். அதை வாங்கக் காசில்லாத மாணவர்கள் வெல்டிங் கடைக் கண்ணாடியை லென்ஸ் முன்னால் ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிப் பார்த்ததும் உண்டு. படம் முழுக்கப் பச்சையாக வரும், பிறகு கறுப்பு வெள்ளையாக மாற்றிக் கௌரவமாக வெளியிட்டுவிடுவார்கள்! எஃப் 22 வரை மூடினால் என்ன என்று கேட்கலாம். மூடலாம், ஆனால் துளை அவ்வளவு சிறிதானால் ஒளி விளிம்பில் சிதறிப் படத்தின் கூர்மை கெடும். சூரியன் வருவதற்கு முன்பே போய்விடுவதுதான் செலவில்லாத வழி. ஐப்பசி கார்த்திகையில் மேகம் மூடிய வானம் பாதி வேலையைத் தானே செய்துவிடுகிறது.

இன்னொன்று, வெள்ளை நுரையை நம்பக் கூடாது. கேமரா சுற்றியுள்ள கறுத்த கரையையும் மரத்தையும் பார்த்துவிட்டு வெளிச்சம் போதவில்லை என்று நினைத்துக்கொள்ளும். நுரை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைக் காகிதம் வந்து நிற்கும். அப்படி வெளுத்துப் போனதை எந்த மென்பொருளாலும் திரும்ப எடுக்க முடியாது. கொஞ்சம் இருட்டாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

இதுவரை சொன்னது எந்தப் புகைப்படப் புத்தகத்திலும் இருக்கும். அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடும் ஊர்களில் எழுதப்பட்டவை. ஆறு வாரமோ எட்டு வாரமோ மட்டும் ஆறு ஓடுகிற ஊரில் இன்னொரு கேள்வி முளைக்கிறது. இந்தப் படம் எதற்கு?

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதைச் சொல்வது எளிது. இருப்புநிலைக் குறிப்பின் தலைப்பில் "மார்ச் 31 அன்று உள்ளபடி" என்று இருக்கும். இலாப நட்டக் கணக்கின் தலைப்பில் "மார்ச் 31 உடன் முடியும் ஆண்டுக்கு" என்று இருக்கும். முதலாவது ஒரு நொடி. இரண்டாவது ஒரு காலம். கையில் எவ்வளவு இருக்கிறது என்று முதலாவது சொல்லும், எவ்வளவு வந்தது எவ்வளவு போனது என்று இரண்டாவது சொல்லும். 1/1000 வினாடிப் படம் இருப்புநிலைக் குறிப்பு. அரை வினாடிப் படம் வரவு செலவு. முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுக்கிற இன்னொரு பாடமும் உண்டு. மார்ச் 31 அன்று மட்டும் கணக்கு அழகாகத் தெரியும்படி செய்கிற நிறுவனங்கள் இருக்கின்றன, அதனால் ஒன்றை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது என்பதே அது. தண்ணீர்ப் படங்களில் இதற்கு நேர் எதிராக நடக்கிறது. ஏமாற்றுவது பெரும்பாலும் அந்த நீளமான கணக்குதான்.

எப்படி என்று கேட்டால் படுகை அணைக்குத்தான் போக வேண்டும்.

படுகை அணை என்பது ஆற்றின் குறுக்கே ஓர் ஆள் உயரத்துக்கோ கொஞ்சம் கூடவோ கட்டிய கான்கிரீட் சுவர். நிலத்தடி நீர் ஊறட்டும் என்று கட்டியது. வெள்ளம் வந்தால் சுவர் முழுக்க ஒரே அகலத்தில் தண்ணீர் வழியும். புதுச்சேரிக்காரர்களுக்கு இதுதான் குற்றாலம். குடும்பம் குடும்பமாக வருகிறார்கள், கல்லூரிப் பையன்கள் சுவர் ஓரத்தில் நின்று குளிக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்காலத்திலும் இப்படிக் குளிக்கப் போனவர்களில் ஒருவரோ இருவரோ திரும்பவில்லை என்ற செய்தியும் தினசரிகளில் வருகிறது. பெரும்பாலும் இருபது வயதுக்குள்.

அந்தத் தண்ணீர் அவ்வளவு ஆழமும் இல்லை, பார்க்க அவ்வளவு பயங்கரமும் இல்லை. பிறகு ஏன்? சுவரைத் தாண்டி விழும் தண்ணீர் நேராக அடிக்குப் போகிறது. அடியில் கொஞ்ச தூரம் ஓடி மேலே எழும்புகிறது. எழும்பியதில் ஒரு பகுதி முன்னே போகாமல், மேற்பரப்பில் திரும்பச் சுவரை நோக்கியே வருகிறது. வந்து மறுபடி விழும் தண்ணீரின் கீழே மாட்டிக்கொண்டு அடிக்குப் போகிறது. படுக்கை வசமாகச் சுற்றும் ஓர் உருளை மாதிரி. அதில் அகப்பட்ட கட்டையோ தேங்காயோ மணிக்கணக்கில் அங்கேயே மூழ்கி எழுந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம். மனிதர் அகப்பட்டாலும் அதே கதைதான். நுரையில் பாதி காற்று என்பதால் மிதப்பதும் கடினம். நீச்சல் தெரிந்தவரையும் அது விடுவதில்லை. ஆங்கிலத்தில் இத்தகைய அணைகளை மூழ்கடிக்கும் எந்திரம் என்றே சொல்கிறார்கள்.

இப்போது அரை வினாடிப் படத்தை எடுத்துப் பாருங்கள். வழிகிற தண்ணீர் வெள்ளைத் திரை. கீழே பஞ்சு மெத்தை. திரும்பி வரும் நுரையும் முன்னே போகும் நுரையும் ஒரே பஞ்சாகக் கலந்துவிட்டன. எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சொல்லவே முடியாது. போய் அதில் படுத்துக்கொள்ளலாம் போலத் தோன்றும். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் "சூப்பர் மச்சி, இடம் எங்க?" என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வண்டி கிளம்புகிறது.

1/1000 வினாடிப் படம் இதைவிடப் பரவாயில்லை. துளிகள் சிதறுவதும் அலை உடைவதும் தெரியும், பார்க்கிறவருக்குக் கொஞ்சம் பயம் வரும். ஆனால் அதிலும் திசை தெரியாது. உறைந்த நுரை முன்னே போகிறதா பின்னே வருகிறதா என்று யார் சொல்வது?

திசை தெரிய வேண்டும் என்றால் இரண்டுக்கும் நடுவே உள்ள, யாரும் பெரிதாகப் பேசாத அந்த 1/15, 1/30 வினாடிப் பக்கம் வர வேண்டும். நுரைப் புள்ளி ஒவ்வொன்றும் சின்னக் கோடாக விழும். கோடுகள் எங்கே வளைகின்றன, எங்கே சுழிக்கின்றன, எங்கே மேற்கு நோக்கித் திரும்புகின்றன என்று படத்திலேயே படிக்கலாம். சுவரிலிருந்து சில அடி தள்ளி, கோடுகள் இரண்டாகப் பிரிகிற ஓர் எல்லை தெரியும். அதற்கு அந்தப் பக்கம் விழுந்தது ஆற்றோடு போய்விடும். இந்தப் பக்கம் விழுந்தது திரும்பி வரும். இரண்டு மூன்று படம் அடுத்தடுத்து எடுத்து ஒப்பிட்டால் இன்னும் தெளிவாகத் தெரியும். இவ்வளவு வேகத்தில் கையிலேயே கேமராவைப் பிடிக்கலாம், பாலத்தின் கைப்பிடிச் சுவரில் முழங்கையை ஊன்றிக்கொண்டால் போதும், ட்ரைபாட் தேவையில்லை. அழகில் குறைவுதான். காலண்டருக்கு யாரும் கேட்க மாட்டார்கள். ஆனால் அந்த அணையில் தண்ணீர் என்ன செய்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. சுவரின் மேல் நின்று எடுக்கவும் வேண்டாம், கரையிலிருந்தே எடுக்கலாம். ஈரமான கான்கிரீட்டில் பாசி இருக்கும். வியூ ஃபைண்டரில் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு மறு கண்ணை மூடியவருக்குக் காலடி தெரியாது.

பழைய காலத்தில் இந்த வசதியே கிடையாது. தண்ணீரைப் பட்டாகத்தான் எடுக்க முடியும், வேறு வழியில்லை. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப் 1858-இல் மதுரை, திருச்சி, தஞ்சாவூர்ப் பக்கமெல்லாம் மாட்டு வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு போய்ப் படம் எடுத்தார். மெழுகு தடவிய காகித நெகடிவ். ஒரு படத்துக்கு நிமிடக் கணக்கில் லென்ஸைத் திறந்து வைக்க வேண்டும். வைகையும் அவர் படங்களில் உண்டு. அந்த அளவு நேரத்தில் ஓடுகிற நீர் எதுவும் அலை இல்லாமல் கண்ணாடியாகிவிடும், நடந்து போகிற ஆள் படத்திலேயே இருக்க மாட்டார். அதே 1850-களில் பிரான்சில் குஸ்தாவ் லெ க்ரே கடல் அலையை நிறுத்திக் காட்டியபோது பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள் என்றால் காரணம் இதுதான். வானத்துக்கு ஒரு நெகடிவ், கடலுக்கு ஒரு நெகடிவ் என்று தனித்தனியாக எடுத்து ஒட்டிய படங்களும் அவருடையவற்றில் உண்டு. அப்போது முடியாமல் செய்ததை இப்போது எல்லாம் முடிந்த காலத்தில் காசு கொடுத்து ஃபில்டர் வாங்கிச் செய்கிறார்கள். காலம் செய்கிற கூத்து!

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகில் கரையைக் கடந்தது. கடந்ததும் போய்விடாமல் அங்கேயே நின்றது. மறுநாள் காலை வரையிலான 24 மணி நேரத்தில் புதுச்சேரியில் சுமார் 46 செ.மீ. மழை. அதுவரை எந்தப் பதிவிலும் இல்லாத அளவு. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி தண்ணீர் தென்பெண்ணையில் திறந்துவிடப்பட்டது. பாகூர் பக்கத்துக் கிராமங்களுக்குள் ஆறு வந்தது. சங்கராபரணியும் கரை புரண்டது.

அந்த நாட்களில் எடுக்கப்பட்ட படங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், எல்லோர் கையிலும் போன் இருக்கிறதே. அவற்றில் பல, தண்ணீரைச் சாதுவாகக் காட்டின. வானம் இருட்டு. வெளிச்சம் போதாதபோது போன் தானாகவே ஷட்டரை மெதுவாக்கும், பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கும். விளைவு, அலை மேடுகள் எல்லாம் சமமாகி, செம்பழுப்பு நிறத்தில் தார் போடாத சாலை மாதிரி ஓர் ஆறு. பாலத்தை இடித்துக்கொண்டு போன தண்ணீர் படத்தில் படுத்துக் கிடந்தது. வெள்ளத்தை எடுக்கும்போது மட்டும் 1/500-க்குக் குறையாமல் வைத்துக்கொள்ள வேண்டும். அதற்காக ஐ.எஸ்.ஓ.வை 1600, 3200 என்று ஏற்ற வேண்டியிருந்தால் ஏற்றலாம். படம் புள்ளி புள்ளியாக வரும், வந்துவிட்டுப் போகட்டும். கூடவே அளவு தெரிகிற பொருள் ஏதாவது படத்தில் இருக்க வேண்டும். பாலத்தின் தூண், மின்கம்பம், பேருந்து நிறுத்தத்தின் பலகை. வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் அது ஒரு அடியா, பத்து அடியா என்று யாருக்கும் தெரியாது. அடுத்த தடவை வெள்ளம் வரும்போது "போன தடவை எதுவரைக்கும் வந்துச்சு?" என்று ஊரில் கேட்பார்கள். அந்தத் தூணோடு சேர்ந்த படம்தான் பதில்.

வெள்ளத்தை விட்டுவிட்டுச் சாதாரணத் தண்ணீருக்கு வருவோம். எடுக்கத் தகுந்தவற்றில் முதலிடம் பங்காரு வாய்க்காலுக்கு. பெரிய ஆறுகளை எடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டில் பிரிந்து பாகூர் ஏரிக்கு வருகிற கால்வாய் இது. அணைக்கட்டு இருப்பது தமிழ்நாட்டில், ஏரி இருப்பது புதுச்சேரியில். புதுச்சேரிப் பகுதியில் 84 ஏரிகள் என்பது கணக்கு, அவற்றில் ஊசுட்டேரிக்கு அடுத்தபடி பெரியது பாகூர். 1999-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு இந்த ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் ஒன்றும் தொடங்கியது.

பங்காரி, சிங்காரி என்ற இரண்டு சகோதரிகள் இந்த வாய்க்காலை வெட்டினார்கள் என்பது ஊர்க் கதை. நகரத்துக்குள் பாரதி பூங்காவில் நிற்கும் ஆயி மண்டபத்துக்கும் இதே மாதிரி கதை உண்டு. ஆயி என்ற தாசி தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டினாள், முத்திரையர்பாளையத்திலிருந்து நகரத்துக்குத் தண்ணீர் வந்ததும் மூன்றாம் நெப்போலியன் காலத்தில் அவள் நினைவாக மண்டபம் எழுந்தது என்பார்கள். மண்டபத்தைப் படம் எடுக்காத சுற்றுலாப் பயணி இல்லை. புதுச்சேரி அரசின் சின்னமே அதுதான். அந்தக் கதையில் வரும் தண்ணீரை யாரும் எடுப்பதில்லை. பங்காரிக்கு மண்டபம் இல்லை, வாய்க்கால்தான் இருக்கிறது, அதுவும் தண்ணீர் வரும் நாட்களில் மட்டும்.

வாய்க்கால் தண்ணீர் அணையைப் போலக் குதிக்காது. தட்டையாக, சத்தமில்லாமல் போகும். எடுப்பது கடினம், எவ்வளவு எடுத்தாலும் குட்டை மாதிரியே இருக்கும். இங்கே உதவுவது போலரைசர். தண்ணீர்ப் பரப்பைக் கிட்டத்தட்ட 37 டிகிரி சாய்வில் பார்த்தபடி அதைத் திருப்பினால், மேலே மின்னும் வானம் மறைந்து அடியில் உள்ள பாசி தெரியும். பாசி எல்லாம் ஒரே பக்கம் தலை சாய்த்துக் கிடக்கும். தண்ணீர் ஓடுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. பாசி இல்லாத இடத்தில் மதகைத் தேட வேண்டும். மதகின் பலகைக்குக் கீழே பீறிடும் தண்ணீர், வயலுக்குத் திறந்த மடையில் மண்ணை அரித்துக்கொண்டு உள்ளே நுழையும் தண்ணீர், வரப்பில் நண்டு போட்ட ஓட்டை வழியே கசியும் தண்ணீர். அரை அடி அகலம்கூட இருக்காது. ஆனால் ஆறு இங்கே வந்து சேருவதற்குத்தான் அவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது.

"இன்னா தம்பி, தண்ணிய போயி படம் புடிக்கிற?" என்று கேட்காத பெரியவர் அந்தப் பக்கம் இல்லை. வரப்பில் மண்வெட்டியோடு நிற்பவருக்குத் தண்ணீர் படம் எடுக்கிற பொருளாகத் தெரியாது. யார் வயலுக்கு எப்போது, எத்தனை நேரம் என்ற கணக்காகத்தான் தெரியும். படம் எடுக்கிறவர் மடையின் மேல் காலை வைத்துக் கரையைச் சரித்துவிட்டால் திட்டு விழும், அது நியாயமான திட்டு. கேட்டுவிட்டு ஓரமாக நின்றால் அவரே "அங்க போ தம்பி, அந்த மதகாண்ட நல்லா வேகமா வரும்" என்று கை காட்டிவிடுவார். அவர் காட்டிய இடத்தில் எடுத்த படம் சோடை போவதில்லை. தண்ணீரை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருப்பவர் வேறு யார்?

ஒரே மதகை, ஒரே இடத்தில் நின்று, வாரம் ஒரு தடவை எடுத்து வைக்கலாம். போன் தானாகவே தேதியையும் நேரத்தையும் படத்தோடு பதிந்துகொள்கிறது. ஐப்பசியில் முதல் தண்ணீர், நுரையும் குப்பையும் முந்திய வருடத்துச் சருகுமாக. கார்த்திகையில் மதகுச் சுவரின் ஈரக்கோடு மேலே ஏறும். மார்கழியில் தெளியும். தை பிறந்ததும் கோடு ஒவ்வொரு விரற்கடையாக இறங்கும். எத்தனை வாரம் ஓடியது என்பதை இந்தப் படங்களை வரிசையாக வைத்து எண்ணிவிடலாம். மூன்று ஆண்டு எடுத்தால் எந்த ஆண்டு சீக்கிரம் நின்றது என்று சொல்லிவிடலாம். இதில் ஒரு படத்தைத் தனியாக எடுத்துக் காட்டினால் யாரும் லைக் போட மாட்டார்கள், அது வேறு விஷயம்.

கடைசிப் படம் எப்போது என்பது முன்கூட்டியே தெரியாது. ஒரு வாரம் போனால் மதகில் தண்ணீர் இருக்கும், ஆனால் நகராது. 1/15 வினாடி வைத்தாலும் கோடு விழாது. அரை வினாடி வைத்துப் பார்ப்பார்கள், ஒரு வினாடி வைத்துப் பார்ப்பார்கள். மதகுப் பலகையின் நிழலும், மேலே ஒரு கொக்கும், தண்ணீரில் அதன் தலைகீழ் உருவமும் அப்படியே கூர்மையாக வரும். கொக்கு அசையாமல் நின்றால்.